மஞ்சள் பூ பூத்ததெல்லாம் கரிசலாங்கண்ணி இல்லை!

"மஞ்சக் கரிசலாங்கண்ணிம்மா, ஈரலுக்கு நல்லது!" என்று கீரைக்காரம்மா ஒரு கட்டை நீட்டுவார். மஞ்சள் பூவைப் பார்த்ததும் நாமும் வாங்கிவிடுவோம். கொஞ்சம் பொறுங்க! அது அசல்தானா?

காரைக்கால் குரும்பகரம் மாதிரி கடைமடை நெல் ஊர்களில் வாய்க்கால் கரை, வரப்பு என்று ஈரம் தங்கும் இடங்கள் உண்டல்லவா? மஞ்சள் கரிசலாங்கண்ணிக்குப் பிடித்தது அப்படிப்பட்ட இடம்தான். சித்த மருத்துவத்தில் 'பொற்றலைக் கையாந்தகரை' என்பார்கள். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த நம் நாட்டுச் செடி. ஒரு பருவத்தோடு பட்டுப்போகாது. கணுவுக்குக் கணு வேர்விட்டு, வருஷக்கணக்கில் படர்ந்திருக்கும்.

இதோடு குழப்பிக்கொள்ளும் செடி, 'சிங்கப்பூர் டெய்சி'. பெயர்தான் சிங்கப்பூர், பூர்வீகம் வெப்ப மண்டல அமெரிக்கா. பூங்காவிலும் பங்களா வாசலிலும் அழகுக்காக வளர்ப்பது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இதுவும் உண்டு. இதுவும் மஞ்சளாகப் பூக்கும், கணுவில் வேர்விடும். இது சமையலுக்கல்ல.

எப்படிக் கண்டுபிடிப்பது?

இலை: அசலில் இலை நீண்டு ஒடுங்கியிருக்கும். ஓரத்தில் லேசான பல் இருக்கலாம். தடவினால் சொரசொரக்கும். டெய்சி இலை அகலம், பளபளப்பு. பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். சில இலைகளில் மடல் தெரியாது. அதனால் ஒரே இலையைப் பார்த்து முடிவு செய்யாதீங்க. கொடி முழுக்கப் பாருங்க.

பூ: பூவை மட்டும் நம்பாதீங்க. ஒரு பூ போலத் தெரிவது, பல குட்டிப் பூக்கள் சேர்ந்த கொத்து. இந்தக் குடும்பத்துக்கே உள்ள அமைப்பு இது.

சாறு: வெள்ளைப் பூ பூக்கும் கரிசலாங்கண்ணி வேறு செடி. அதன் தண்டைக் கசக்கினால் சாறு கறுத்துவிடும்.

அசலே கிடைத்தாலும், சாக்கடை ஓரத்திலும் பூச்சிமருந்து அடித்த வரப்பிலும் பறிக்க வேண்டாம். நன்றாகக் கழுவிச் சமையுங்கள்.

முக்கியமான விஷயம்: வீட்டில் யாருக்காவது கண் மஞ்சளானால், கீரையை அரைத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீங்க. காமாலைக்கு வைரஸ் கிருமி, பித்தப்பைக் கல், மது என்று பல காரணங்கள் உண்டு. முதலில் டாக்டரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மூலிகை கொடுக்க நினைத்தால், இலையும் பூவுமாக ஒரு கொடியைச் சித்த மருத்துவரிடம் காட்டிக் கேட்டபிறகு கொடுங்கள்.