உதவியோடு வந்த நோய்

அயல்நாட்டார் துன்புறுங்கால் ஓடிச்சென்று உதவுதல் உயர்ந்த பண்பாகும். அதனை இகழ்வது என் நோக்கமன்று. ஆயினும், அவ்வாறு செல்பவர் தம்மையறியாமல் எதனை உடன்கொண்டு செல்கின்றார் என்பதும் எண்ணத்தக்கது. ஹெய்தி நாட்டின் வரலாற்றில் இதற்குத் தெளிவான சான்று உண்டு.

உலகப் படத்தில் கியூபாவுக்குக் கிழக்கே ஒரு தீவு காணப்படும். அதன் மேற்குப் பகுதியே ஹெய்தி. (என் வகுப்புகளில் அதனைத் தேடாமல் சுட்டிக்காட்டிய மாணவர் மிகச் சிலரே.) அடிமைகளாயிருந்த மக்கள் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துப் போரிட்டு, 1804-இல் விடுதலை பெற்ற நாடு அது. 2004-இல் அங்கே அரசியல் குழப்பம் மூண்டபோது, அமைதி காக்க ஐக்கிய நாடுகள் சபை பல நாட்டுப் படைவீரரை அனுப்பியது. 2010 ஜனவரி 12-இல் பெரும் நிலநடுக்கம் தலைநகரைத் தகர்த்தது. இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். உதவிக்கு மேலும் வீரர்கள் தேவைப்பட்டனர்.

அவ்வாண்டு அக்டோபரில் நேபாளத்திலிருந்து ஒரு புதிய அணி வந்து, மிர்பாலே என்னும் ஊரின் அருகே முகாமில் தங்கியது. நேபாளத்தில் அப்போது காலரா பரவியிருந்தது. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். காலராக் கிருமி உடலுட் புகுந்த அனைவரும் நோயில் வீழ்வதில்லை. பலர் நோய்க்குறி ஏதுமின்றி நடமாடுவர். ஆனால் அவர்தம் மலத்தோடு கிருமி வெளியேறிக்கொண்டேயிருக்கும். ஆகவே, பார்வைக்கு நல்ல உடல்நலம் உடையவராய் இருப்பவரும் நோயைச் சுமந்து செல்லக்கூடும். முகாமின் கழிவு ஓர் ஓடையில் கலந்தது. ஓடை ஆர்ட்டிபோனைட் ஆற்றிற் சேர்ந்தது. கரையோர மக்கள் அந்நீரையே பருகினர், அதிலேயே குளித்தனர், வயலுக்கும் அதனையே பாய்ச்சினர்.

வாந்திபேதி என்னும் சொல்லே நம் பாட்டன்மாரை நடுங்கச் செய்தது. ஹெய்தி மக்களோ ஒரு நூற்றாண்டுக் காலம் அந்நோயைக் கண்டதேயில்லை. ஆதலின் அவர்தம் உடலில் எதிர்ப்பாற்றலும் இல்லை. அங்கிருந்த மருத்துவர்க்குப் பழக்கமும் இல்லை. உப்பும் சர்க்கரையும் அளவாய்க் கலந்த நீரைக் காலத்தே பருகச் செய்தால் பெரும்பாலோரைக் காப்பாற்றிவிடலாம். ஆயினும், மலைக்கிராமத்திலிருந்து நோயாளியைச் சுமந்து வருவதற்குள் உயிர் பிரிந்துவிடும். ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். எட்டு இலட்சம் பேர் நோயுற்றனர். கியூப நாட்டு மருத்துவரும் பிறரும் அரும்பாடுபட்டுக் காத்த உயிர்களும் பல என்பதை மறத்தலாகாது.

நோய் பரவியதைக் காட்டிலும், அதன்பின் நிகழ்ந்ததே என் மனத்தை உறுத்துகின்றது. வந்தவர் எவரும் தீங்கு நினைத்தவரல்லர். ஆனால் பிரெஞ்சு மருத்துவர் ரெனோ பியாரூ நோயின் தோற்றுவாயைத் தேடி முகாமைச் சுட்டிய பின்னரும், கிருமியின் மரபணு நேபாளக் கிருமியோடு ஒத்திருப்பது தெரிந்த பின்னரும், சபை பொறுப்பேற்கவில்லை. இழப்பீடு கோரியவர்களை, 1946-ஆம் ஆண்டு உடன்படிக்கை தரும் சட்டக் காப்பைக் காட்டி 2013-இல் திருப்பி அனுப்பியது. பிழை செய்த மாணவன் உடனே ஒப்புக்கொண்டால் ஆசிரியர் பெரும்பாலும் மன்னித்துவிடுவார். இங்கோ ஆறு ஆண்டுகள் கழிந்தன. 2016 டிசம்பரில்தான் பொதுச்செயலர் பான் கீ மூன் பொதுச்சபையில் ஹெய்தி மக்களிடம் மன்னிப்பு வேண்டினார். நிவாரணத்துக்கென 40 கோடி டாலர் திரட்டும் திட்டமும் அறிவிக்கப்பட்டது; அதிற் சிறு பகுதியே சேர்ந்தது.

அமைதிப்படை 2017-இல் திரும்பிச் சென்றது. 2019-க்குப் பின் காணப்படாதிருந்த காலரா, 2022 அக்டோபரில் ஹெய்தியில் மீண்டும் தலைகாட்டியது.