பழைய புகைப்படமும் ஒரு பென்சிலும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் நம் மாணவர்களின் வீட்டுச் சுவர்களில் மாலையிட்ட தாத்தா படமோ, பெற்றோரின் திருமணப் படமோ இருக்கும். சில பாட்டிமார்களுக்கு அடையாள அட்டைக்காக எடுத்த படம் ஒன்றே உண்டு. இவை ஆண்டுக்கு ஆண்டு மங்கி வருகின்றன. இவற்றைப் பென்சிலால் வரையச் செய்வது ஓவியப் பயிற்சி மட்டுமன்று, வரலாற்றுப் பயிற்சியும்கூட.

படம் ஏன் மங்குகிறது?

கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவமாகத் தெரிவது நுண்ணிய வெள்ளித் துகள்கள். ஈரமும் காற்றிலுள்ள வாயுக்களும் வெள்ளியைத் தாக்கும்போது கறுப்பு பழுப்பாகிறது. வண்ணப் படத்தின் சாயங்கள் வெயிலில் வெளுக்கின்றன. பென்சில் முனை கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்தது. கிராஃபைட் கார்பனின் ஒரு வடிவம். ஒளி பட்டு வெளுக்காது. ஆனால், கை பட்டால் கலையும்.

வரையும் முறை

மூலப் படம் வீட்டிலேயே இருக்கட்டும். கைப்பேசியில் எடுத்து அச்சிட்ட நகல் போதும். 3.5 செ.மீ. அகலமும் 4.5 செ.மீ. உயரமும் கொண்ட பாஸ்போர்ட் அளவுப் படத்தில் அரை செ.மீ. கட்டங்கள் இட்டால் 7 பத்தி, 9 வரிசை, 63 கட்டங்கள் கிடைக்கும். தாளில் 2 செ.மீ. கட்டங்கள் இட்டால் ஓவியம் 14 செ.மீ., 18 செ.மீ. அளவில் நான்கு மடங்காக அமையும். விகிதப் பாடமும் இதிலேயே நடந்துவிடும். முதலில் எச்.பி. பென்சிலால் அழுத்தாமல் வெளிக்கோடு. பிறகு நிழலுக்கு 2பி, 4பி. கைக்கடியில் ஒரு வெற்றுத்தாள் இருந்தால் ஓவியம் கலையாது.

அழிந்த இடத்தில் என்ன வரைவது?

முக்கியமான கேள்வி இதுதான். பூஞ்சை தின்ற இடத்தில் மாணவர் தாமாக ஒரு காதையோ நகையையோ வரைந்துவிட விரும்புவார். அங்கே நிறுத்தி, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவரச் சொல்ல வேண்டும். விடை கிடைத்தால் மெல்லிய கோட்டில் வரைந்து, சொன்னவர் யார் என்று குறிக்கலாம். கிடைக்காவிட்டால் அந்த இடம் வெறுமையாகவே இருக்கட்டும்.

அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தை இங்கு எடுத்துக்காட்டலாம். முதலாம் இராசேந்திர சோழன் எழுப்பிய அக்கோயிலின் மதிற்கற்களில் பெரும்பகுதி, 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட எடுத்துச் செல்லப்பட்டது. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். 1858இல் லின்னேயஸ் டிரைப் தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்தார். ஆனால், கங்கைகொண்ட சோழபுரத்தின் முழு மதிலைப் படமெடுக்கும் வாய்ப்பு யாருக்கும் கிடைக்கவில்லை. அதை இன்று ஊகித்து வரைந்தால் அழகாக இருக்கலாம், சான்றாகாது.

மதிப்பிடும்போது

முகச்சாயல் அப்படியே வந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டாம். ஒளியும் நிழலும் பிரிந்துள்ளனவா, படத்தில் இருப்பவர் யார், எங்கே, ஏறத்தாழ எந்த ஆண்டு என்று விசாரித்து எழுதியுள்ளாரா என்பதையும் பார்ப்போம். பழைய படம் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் ஊர்க் கிணற்றையோ கோயிலையோ வரையலாம். அண்மையில் இறப்பு நேர்ந்த வீட்டுப் பிள்ளையை வற்புறுத்த வேண்டாம்.

விவரம் சொல்லக்கூடிய பாட்டி இன்று வீட்டில் இருக்கிறார். இந்தப் பணியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளாமல் இந்தப் பருவத்திலேயே தொடங்குவது நல்லது.