கொறங்காட்டின் பசுமையை செல்போனில் பார்க்கலாம்

உடுமலை அருகே அமராவதி நகரின் மலையடிவாரக் காடும், தாராபுரம், காங்கயம் பக்கத்துக் கொறங்காடுகளும் ஐப்பசி, கார்த்திகை மழையில் பசுமையேறும். தை, மாசியில் வெளிறும். பங்குனியில் காய்ந்து நிற்கும். இந்த மாற்றத்தைச் செயற்கைக்கோள் படத்தில் கவனித்து வந்தால், கோடைத் தீவனத்துக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

பசுமைக் குறியீடு

பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். இவ்விரண்டையும் ஒப்பிட்டுக் கணக்கிடுவதே 'என்.டி.வி.ஐ.' எனும் பசுமைக் குறியீடு. வெறும் மண்ணில் இது 0.1 முதல் 0.2 வரை இருக்கும். அடர்ந்த பசுமையில் 0.6-ஐத் தாண்டும். அமராவதி அணையின் நீர்ப்பரப்பு பெரும்பாலும் பூஜ்ஜியத்துக்குக் கீழே காட்டும்.

பார்க்கும் முறை

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் சுமார் 5 நாட்களுக்கு ஒருமுறை படம் எடுக்கின்றன. 'கோப்பர்நிக்கஸ் பிரவுசர்' இணையதளத்தில் இவற்றை இலவசமாகப் பார்க்கலாம். படத்தின் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது சுமார் இரண்டரை சென்ட். ஒரு ஏக்கருக்கு 40 புள்ளிகள் கிடைக்கும். மழைக்காலத்தில் மேகம் மறைக்கும் என்பதால், மேகமில்லாத நாளின் படத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரே ஒரு படத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். இந்த மார்கழிப் படத்தை முந்தைய மூன்று, நான்கு ஆண்டுகளின் மார்கழிப் படங்களோடு ஒப்பிடுங்கள். பசுமை வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தால், சோளத்தட்டை இப்போதே வாங்கி இருப்பு வையுங்கள். ஒரு பகுதியை மேய்ச்சலுக்கு விடாமல் ஓய்வு கொடுங்கள்.

கவனிக்க வேண்டியவை

குறியீடு காட்டுவது பசுமையை. தீவன அளவை அல்ல. காய்ந்து நிற்கும் கொழுக்கட்டைப்புல்லை மாடு மேயும். ஆனால் குறியீடு குறைவாகவே காட்டும். மாறாக, சீமைக்கருவேலம் கோடையிலும் பச்சையாக நிற்கும்; குறியீடும் உயர்ந்திருக்கும், மாட்டுக்கு அங்கே புல் இருக்காது. பங்குனியில் பச்சையாகத் தெரியும் இடத்துக்கு நேரில் போய், அது வெள்வேலா, சீமைக்கருவேலமா என்று பாருங்கள். சீமைக்கருவேலம் என்றால், கன்றாக இருக்கும்போதே வேரோடு அகற்றுங்கள்.

வேளாண், கால்நடைத் துறைக் களப்பணியாளர்கள் ஊருக்கு நாலைந்து கொறங்காடுகளைத் தேர்ந்தெடுத்து, மாதம் ஒருமுறை குறியீட்டையும் புல்லின் நிலையையும் ஒரே நோட்டில் எழுதி வரலாம். இரண்டு ஆண்டுகள் எழுதினால், உங்கள் ஊருக்கு எந்த எண் எதைக் குறிக்கிறது என்பது பிடிபட்டுவிடும்.