மூன்று கட்டம், இருபத்தேழு நட்சத்திரம்

‘ஒரு நட்சத்திரம்’. தமிழ்க் குறுக்கெழுத்துப் புதிர்களில் இப்படி ஒரு குறிப்பு வரும். வேறு விளக்கம் இராது, பக்கத்தில் எழுத்து எண்ணிக்கை மட்டும் இருக்கும். தமிழில் மெய்யெழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு. அதனால் மூன்று எழுத்து என்றால் பரணி, ரோகிணி, பூசம், மகம், பூரம், சுவாதி, கேட்டை, மூலம், ரேவதி என ஒன்பது பெயர்கள் முன்வந்து நிற்கும். கடைசிக் கட்டத்தில் ‘ம்’ விழுந்துவிட்டால் பூசம், மகம், பூரம், மூலம் மட்டும் மிஞ்சும். முதல் எழுத்து ‘பூ’ என்று கிடைத்தாலும் பூசமா, பூரமா என்ற சிக்கல் தீராது. ஏழு எழுத்து கேட்டிருந்தால் வேலை சுலபம்: மிருகசீரிடம், உத்திரட்டாதி இரண்டுதான்.

ஆகவே புதிர் போடுபவர் ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு, பெயர்களைப் பஞ்சாங்க வரிசையில் எழுதாமல் எழுத்து எண்ணிக்கைப்படி பிரித்து எழுதிக்கொள்வது நல்லது. நட்சத்திரம் 27, ராசி 12, தமிழ் ஆண்டு 60 ஆகிய மூன்றும் அதில் கட்டாயம் வேண்டும். இந்த மூன்றுமே வானத்தைப் பார்த்து எழுதப்பட்டவை. அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டவருக்கு ஒரு பட்டியலே இன்னொன்றுக்கு விடை எடுத்துக் கொடுக்கும்.

நிலா விண்மீன்களின் பின்னணியில் ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ 27.3 நாள் ஆகிறது. இரவுக்கு ஒரு தங்குமிடம் என்று வானத்தை 27 ஆகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 13 பாகை 20 கலை. அந்தந்தப் பகுதியில் கண்ணுக்குப் பட்ட விண்மீனோ விண்மீன் கூட்டமோ அதற்கு அடையாளமானது. கார்த்திகை ஒரு கொத்து. ரோகிணி, ரிஷப ராசியில் ஆரஞ்சு நிறத்தில் மின்னும் அல்டெபரான். சுமார் 65 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. சித்திரை என்பது ஸ்பைகா, சுவாதி என்பது ஆர்க்டரஸ், கேட்டை என்பது அன்டாரஸ். திருவாதிரையாகிய பீட்டல்ஜூஸ் 2019 இறுதியிலிருந்து சில மாதங்கள் வெறும் கண்ணுக்கே தெரியும் அளவுக்கு மங்கி, வெடிக்கப்போகிறதோ என்ற பேச்சைக் கிளப்பியது. அது தானே உமிழ்ந்த தூசி அதன் ஒளியை மறைத்தது என்று ஆய்வாளர்கள் பிறகு விளக்கினார்கள்.

பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்கோ 29.5 நாள். நிலா ஒரு சுற்று முடிப்பதற்குள் சூரியனும் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால், அதற்கு நேர் எதிரே போய் நிற்க நிலாவுக்குக் கூடுதலாக இரண்டு நாளுக்குச் சற்று மேல் தேவைப்படுகிறது. அந்த இடைவெளியில் அது இரண்டு மூன்று நட்சத்திரங்களைத் தாண்டிவிடும். ஆகவே ஒவ்வொரு மாதமும் முழுநிலவின் நட்சத்திரம் அதே அளவு தள்ளிப் போகும். தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம், சித்ரா பௌர்ணமி, வைகாசி விசாகம் என்று திருவிழாப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் இந்த ஓட்டம் காதிலேயே விழும். பூசத்துக்கும் மகத்துக்கும் நடுவே ஆயில்யம் விடுபடுகிறது, மகத்துக்கும் உத்திரத்துக்கும் நடுவே பூரம். சில ஆண்டுகளில் பௌர்ணமி ஒரு நட்சத்திரம் முன்னே பின்னே விழுவதுண்டு, வரிசை மாறாது. குறிப்பில் ‘தை’ என்று ஒரு சொல் இருந்தாலே போதும், பூசமா பூரமா என்ற குழப்பத்துக்கு இடமில்லை.

ராசிப் பட்டியலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேஷம் முதல் மீனம் வரை பலருக்கும் பாடம்.

கஷ்டம் கொடுப்பது அறுபது ஆண்டுகள்தான். பிரபவ தொடங்கி அட்சய வரை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் இன்று குறைவு. இந்தச் சுழற்சி வியாழனையும் சனியையும் ஒட்டியது. வியாழன் சூரியனைச் சுற்ற 11.86 ஆண்டு, சனிக்கு 29.46 ஆண்டு. வியாழனின் ஐந்து சுற்றும் சனியின் இரண்டு சுற்றும் ஏறக்குறைய அறுபது ஆண்டில் முடிவதால், இரண்டும் வானத்தில் கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கே வந்து சேர்கின்றன. தற்போதைய சுற்றின் பிரபவ 1987 ஏப்ரலில் பிறந்தது. எனவே ஆங்கில ஆண்டிலிருந்து 1986ஐக் கழித்தால் தமிழ் ஆண்டின் வரிசை எண் கிடைத்துவிடும். 2025இலிருந்து கழித்தால் 39, அது விசுவாவசு. சித்திரைக்கு முந்தைய மாதங்களுக்கு மட்டும் இன்னும் ஒன்றைக் குறைக்க வேண்டும்.

மூன்று பட்டியலும் ஒன்றுசேரும் குறிப்பு ஒன்றையும் பார்க்கலாம்: ‘கும்பகோணத்தில் அடுத்த மகாமகம் நடக்கும் தமிழ் ஆண்டு (5)’. வியாழன் சிம்ம ராசியில் இருக்க, மாசிப் பௌர்ணமி மக நட்சத்திரத்தோடு கூடும் நாள் மகாமகம். வியாழன் சிம்மத்துக்குத் திரும்ப ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டாகும். கடைசியாக நடந்தது 2016 பிப்ரவரியில், ஆகவே அடுத்தது 2028. அதிலிருந்து 1986ஐக் கழித்தால் 42, கீலக. ஆனால் கீலக மூன்றெழுத்து, கட்டமோ ஐந்து. மாசி சித்திரைக்கு முன்னால் வருவதால் ஒன்றைக் குறைத்து 41ஆம் பெயரை எடுக்க வேண்டும்: பிலவங்க.