திரை முன் கலங்கும் கண்கள்

சினிமாவிலும் சீரியலிலும் வரும் துயரம் பார்ப்பவரை ஏன் அழ வைக்கிறது என்ற கேள்விக்குத் தமிழில் மிகப் பழைய விடை ஒன்று உண்டு. உள்ளத்தில் எழுந்து உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளைத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டாக வகுக்கிறது. அவற்றுள் அழுகைக்கு நான்கு காரணங்களைச் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுவது இளிவு. உறவையோ உடைமையையோ பறிகொடுப்பது இழவு. இருந்த நிலை கெட்டு வேறொன்றாகி வருந்துவது அசைவு. வேண்டியது கைக்கு எட்டாத ஏக்கம் வறுமை. எந்தக் காட்சி யாரைக் கலங்க வைக்கும் என்பது, இந்த நான்கில் எதை அவர் வாழ்க்கையில் சந்தித்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

சென்னையின் தென்புறத்தில் உள்ள தாம்பரம் வட்டாரத்தில் இதைத் தெளிவாகக் காணலாம். கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் 1931-ல் ஓடத் தொடங்கியது. தென் மாவட்டங்களிலிருந்தும் தஞ்சைப் பக்கத்திலிருந்தும் பிழைப்புக்காக வந்த குடும்பங்கள், அந்த ரயிலை நம்பி, வாடகை குறைவு, அரை கிரவுண்டாவது வாங்கிப் போடலாம் என்ற கணக்கில் குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர், முடிச்சூர் என்று குடியேறின. விட்டு வந்த ஊரும் கட்டி முடிக்க வேண்டிய வீடும் இங்கே பல குடும்பங்களுக்குப் பொதுக்கதை. குரோம்பேட்டை வெற்றி, தாம்பரம் வித்யா போன்ற தியேட்டர்களுக்குள் இவர்கள் கொண்டுபோன மனம் அதுதான்.

கட்டாத வீடு, விட்ட வீடு

பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) வறுமையின் படம். வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய நெருக்கடியில், அலுவலகத்தில் வேலை பார்க்கும் சுதா சொந்த வீடு கட்டத் துணிகிறாள். கடன், அனுமதி, கான்ட்ராக்டரின் ஏமாற்று என்று செங்கல் செங்கலாகக் கதை நகர்கிறது. பாதி எழும்பிய வீட்டைப் பார்க்க அவளுடைய தாத்தா குடையுடன் தனியாக வருகிறார். அறை அறையாக நடக்கிறார். பூசாத சுவரைத் தடவிப் பார்க்கிறார். வசனத்துக்கு அங்கே வேலையே இல்லை. சொக்கலிங்க பாகவதரின் முகமும் இளையராஜாவின் இசையும் போதும். பி.எஃப். பணத்தை எடுத்து, நகையை அடகு வைத்து அஸ்திவாரம் போட்டவர்களுக்கு அந்தச் சுவர் அந்நியமானதல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் மேற்குத் தாம்பரத்திலும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு அது இன்னும் ஆழமாக வலிக்கும்.

ச.பிரேம்குமாரின் 'மெய்யழகன்' (2024) இழவின் படம். சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து, குடும்பத்தோடு சென்னைக்கு வந்துவிட்ட ஒருவர், இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போகிறார். படம் நீளம் என்ற விமர்சனம் எழுந்ததால், வெளியான சில நாட்களில் ஏறக்குறைய 18 நிமிடங்கள் குறைக்கப்பட்டன. ஊரை விட்டு வந்தவர்களுக்கோ அந்த நீளத்தில்தான் உறவின் நிதானம் இருந்தது.

அவமானமும் சரிவும்

மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) படத்தில், பெண் வேடமிட்டு ஆடும் கலைஞரான நாயகனின் தந்தையை மாணவர்கள் வேட்டியை உருவித் தெருவில் ஓட விடுகிறார்கள். மகன் கண்ணெதிரே தகப்பன் சிறுமைப்படும் இளிவு அது. சாதியின் பெயரால் அவமானப்பட்டவருக்கு அந்தக் காட்சி சொந்த நினைவு. படாதவருக்கு அது மனசாட்சியைத் தொடும் கேள்வி.

'மூன்றாம் பிறை' (1982) முடிவில் அசைவு உச்சம் பெறுகிறது. நினைவு திரும்பிய விஜிக்குச் சீனுவை அடையாளம் தெரியவில்லை. அவளுக்கு எல்லாமாக இருந்தவன், ரயில் நிலையத்தில் அவள் கண்ணுக்குப் பைத்தியக்காரனாகிவிடுகிறான்.

கூடத்துக்குள் வந்த உறவுகள்

தியேட்டர் துயரம் மூன்று மணி நேரத்தில் முடியும். சீரியலின் துயரம் ஆண்டுக்கணக்கில் வீட்டில் தங்கும். ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பனின் கதையான 'மெட்டி ஒலி' சன் டி.வி.யில் 2002 முதல் 2005 வரை ஓடியது. 2020 பொது முடக்கத்தில் மறுஒளிபரப்பானது. தினமும் பார்க்கும் முகத்தோடு பார்வையாளருக்கு உண்டாகும் ஒருதலை உறவை, 1956-லேயே அமெரிக்க ஆய்வாளர்கள் டொனால்ட் ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் விளக்கியிருக்கிறார்கள். 'எதிர்நீச்சல்' தொடரில் பெண்களை அடக்கி ஆளும் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் இறந்தபோது, அந்தப் பாத்திரத்தைத் திட்டித் தீர்த்தவர்களே வீட்டில் ஒருவரை இழந்ததுபோல் வருந்தினார்கள்.

வயதும் அழுகையை மாற்றுகிறது. இருபதில் 'வீடு' பார்ப்பவர் சுதாவோடு நிற்பார். அறுபதில் அதே படம் தாத்தாவின் படமாகிவிடும். ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்க்கும் தந்தையும் மகளும் வெவ்வேறு இடங்களில் கண் துடைப்பது இதனால்தான். விற்றுவிட்ட நிலம், பேசாமல் போன அண்ணன், கேட்கத் தவறிய மன்னிப்பு எனச் சாதாரணமாக வாய்விட்டுச் சொல்ல முடியாதவற்றைப் படம் முடிந்தபின் ஒருவர் சொல்ல முடிகிறது. மற்றவர் கேட்க முடிகிறது. அப்படி ஒரு பேச்சைத் தொடங்கி வைப்பதே நல்ல படம் குடும்பத்துக்குச் செய்யும் பெரிய உதவி.