கொட்டகை நின்ற நிலம்

தமிழ்த் திரைப்பட வரலாற்றை எழுதியவர்கள் நடிகர்களையும் இயக்குநர்களையும் பாடல்களையும் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். அந்தப் படங்கள் ஓடிய கட்டடங்களைப் பற்றி அவர்கள் எழுதியது மிகக் குறைவு. பெட்டிக்குள் இருக்கும்வரை எந்தப் படமும் வெறும் சுருள்தான். இருட்டும் வெண்திரையும் கூட்டமும் ஒன்றாகச் சேரும் இடத்தில்தான் அது படமாகிறது. அந்த இடம் எப்படி உருவானது, யாரை யார் பக்கத்தில் அது உட்கார வைத்தது, ஏன் அது கண்ணெதிரே மறைந்துகொண்டிருக்கிறது என்று தேடிப் பார்த்தால், மின்சாரம், தீ, நிலம் ஆகிய மூன்றும்தான் திரையரங்கின் வரலாற்றைப் பெரும்பாலும் நடத்திச் சென்றிருப்பது தெரியவரும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் சென்னைக்குச் சலனப்படம் வந்தபோது அதற்கென்று தனிக் கட்டடம் எதுவும் இருக்கவில்லை. நாடகமும் பொதுக்கூட்டமும் நடந்துவந்த விக்டோரியா பொது மண்டபம் போன்ற இடங்களில், சில நிமிடங்களே ஓடும் துண்டுப்படங்களைக் காட்டிவிட்டுப் போனார்கள். படம் ஊரைத் தேடிப் போன காலம் அது. திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராக வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல், ஊர் திரும்ப எண்ணிய டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் படம் உள்ளிட்ட சில சுருள்களையும் விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு, கூடாரத்தோடு ஊர் ஊராகப் புறப்பட்டார். தென்னிந்தியாவின் நாடோடித் திரைப்படக் காட்சிக்கு அவரே முன்னோடி. மாதச் சம்பளம் வரும் ரயில்வே வேலையை உதறிவிட்டு, மின்சாரமே எட்டிப் பாராத ஊர்களுக்கு வெளிச்சத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன அந்தத் துணிவுக்குத் தமிழ்த் திரையுலகம் இன்னும் உரிய மரியாதையைச் செய்யவில்லை என்றே சொல்ல வேண்டும்.

நிலையான கட்டடங்கள் 1910-களில்தான் எழத் தொடங்கின. சென்னை மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் என்ற ஆங்கிலேயர் எலெக்ட்ரிக் தியேட்டரைக் கட்டினார். மின்சாரமே அன்று ஒரு புதுமையாக இருந்ததால், மின்விளக்கில் படம் காட்டும் இடம் என்பதையே பெயராக வைத்தார்கள். அதே சாலைக்கு அருகில், ஒளிப்படக் கலைஞரான ரகுபதி வெங்கையா 1914-இல் கெயிட்டி திரையரங்கை அமைத்தார். சென்னையில் இந்தியர் ஒருவருக்குச் சொந்தமான முதல் திரையரங்கு அதுதான். கோயம்புத்தூரில் வின்சென்ட் அதே ஆண்டில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். படம் காட்டுவதற்காக அவர் நிறுவிய மின்னாக்கி அரங்கோடு நின்றுவிடாமல் அவருடைய அச்சகத்தையும் ஓட்டியது. ஊராட்சி நிர்வாகமோ பெரிய கம்பெனியோ மின்சாரம் கொண்டுவருவதற்கு முன்பே சினிமாக் கொட்டகையின் வழியாக அது ஊருக்குள் நுழைந்த கதை, கோவையின் தொழில் வரலாற்றிலும் ஓர் அத்தியாயம்.

அந்தக் கட்டடங்களின் அமைப்பைத் தீர்மானித்ததில் தீயைப் பற்றிய அச்சத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தொடக்கக் காலப் படச்சுருள், வெடிமருந்துக்கு நெருங்கிய உறவான நைட்ரேட் செல்லுலாய்டால் ஆனது. எரியத் தேவையான ஆக்சிஜன் அதன் வேதிக் கட்டமைப்பிலேயே இருப்பதால், ஒருமுறை பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் அமிழ்த்தினாலும் அது அணையாது. 1897-இல் பாரிசில் ஓர் அறக்கட்டளைச் சந்தையில் படம் காட்டும் கருவியின் விளக்கிலிருந்து எழுந்த ஈதர் ஆவி பற்றிக்கொண்டதில் 120-க்கும் மேற்பட்டோர் இறந்தது உலகம் முழுவதையும் உலுக்கியது. பிரிட்டன் 1909-இல் திரைப்படச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் 1918-இல் சட்டம் வந்தது. இந்தியச் சட்டம் என்றதும் தணிக்கைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது; அரங்குக்கு உரிமம் வேண்டும், அங்கே பாதுகாப்பு வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் மறுபாதி. படம் ஓட்டும் அறை பார்வையாளர் பகுதியிலிருந்து பிரிந்திருக்க வேண்டும், எளிதில் தீப்பிடிக்காத சுவர் வேண்டும், ஒளி வெளியேறும் சிறு துளைகளைச் சட்டென மூடும் தகடுகள் வேண்டும் என்று விதிகள் வளர்ந்தன. பழைய திரையரங்குகளில் பின்சுவரின் உச்சியில் தெரியும் அந்தச் சின்னஞ்சிறு சதுரத் துளைகள் இந்த அச்சம் விட்டுச்சென்ற அடையாளங்கள்.

மௌனப் படக் காலத்துக் கொட்டகை உண்மையில் மௌனமாக இருந்ததே இல்லை. திரையருகே நின்று கதையை உரக்கச் சொல்லும் விளக்குநர் ஒருவர் இருந்தார். எழுத்துப் பலகைகளைப் படிக்கத் தெரியாத பெரும்பான்மையோருக்கு அவர் குரல்தான் படம். 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரல் அரங்கில் ‘காளிதாஸ்’ வெளியாகி, திரையே பேசவும் பாடவும் தொடங்கியதும் அந்தத் தொழில் சில ஆண்டுகளிலேயே இல்லாமல் போயிற்று. அரங்கு உரிமையாளர்களோ ஒலிபெருக்கிக்கும் அதை இயக்கும் கருவிகளுக்கும் புதிதாக முதல் போட வேண்டியிருந்தது.

நகரத்து அரங்குகளைவிடத் தமிழ்ச் சமூகத்தை ஆழமாகத் தொட்டது டூரிங் டாக்கீஸ் என்ற கூடாரக் கொட்டகைதான். மூங்கிலும் சவுக்கும் நட்டு, கீற்றோ தகரமோ தார்ப்பாயோ வேய்ந்து, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் உரிமம் பெற்று நடத்தப்பட்ட தற்காலிக அரங்கு அது. பக்கச் சுவர் முழுமையாக இல்லாததால் பகலில் படம் ஓட்ட முடியாது. பொழுது சாய்ந்த பிறகு முதலாட்டம், அது முடிந்ததும் இரண்டாம் ஆட்டம் என்பதே வழக்கம். கூம்பு ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு கேட்டால் டிக்கெட் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்பது சுற்றுவட்டாரத்துக்கே தெரியும். வயல் வேலை முடிந்து வீடு திரும்பிய பெண்கள் அந்தப் பாட்டைக் கணக்கில் வைத்துத்தான் அடுப்பை மூட்டுவார்கள். பெரும்பாலான கொட்டகைகளில் ஒரே ஒரு புரொஜெக்டர் இருந்ததால், சுருள் மாற்றும் ஒவ்வொரு முறையும் விளக்கு எரிந்தது. நகரத்தில் ஓர் இடைவேளையோடு முடியும் படம் கிராமத்தில் மூன்று நான்கு இடைவேளைகளோடு ஓடியது. முறுக்கும் கடலையும் கலரும் விற்றவர்களின் பிழைப்பு அந்த ஒற்றைக் கருவியை நம்பியே நடந்தது.

டிக்கெட் வகைகள் தரை, பெஞ்சு, நாற்காலி என்று பிரிந்திருந்தன. தரை என்றால் மணல்; மறைக்கும் தலைக்கு மேலே பார்க்க மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்காருவார்கள், பின்னாலிருப்பவர் அதைவிட உயரமாகக் குவிப்பார், அதிலிருந்து சண்டை மூளும். ஆண்களையும் பெண்களையும் இடுப்பளவுச் சுவரோ படுதாவோ பிரித்தது. ஆனால் அந்தப் பிரிவுகளில் எதுவும் சாதியின் பெயரால் அமைந்ததல்ல என்பதுதான் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டிய செய்தி. இலங்கைத் தமிழறிஞர் கா. சிவத்தம்பி, தமிழர் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து ஒரே நிகழ்ச்சியைப் பார்த்த முதல் இடம் சினிமாக் கொட்டகைதான் என்றும், அங்கே இருக்கையை முடிவுசெய்தது பிறப்பல்ல, கையிலிருந்த காசே என்றும் விளக்கியிருக்கிறார். கோயிலுக்குள்ளும் தேநீர்க் கடையிலும் விலக்கப்பட்ட மனிதர், காசு கொடுத்து டிக்கெட் வாங்கிய பின் இங்கே விலக்கப்பட முடியாதவரானார். நடைமுறையில் பழைய பழக்கங்கள் ஒரே நாளில் கொட்டகை வாசலில் உதிர்ந்துவிடவில்லை. ஆயினும் விதி என்ற அளவில் நிகழ்ந்த இந்த மாற்றம், அந்த அரங்குகளில் ஓடிய பல படங்களின் கருத்தைவிட வலிமையானது.

நகரத்து அரங்கின் ஆபரேட்டர் அறையில் நடந்த வேலையையும் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தத் தலைமுறையோடு அந்தத் திறமையே அற்றுப்போகிறது. ஒளிக்கு ஆதாரம் இரண்டு கார்பன் குச்சிகள். அவற்றின் முனைகளுக்கிடையே மின்சாரம் தாவும்போது கண்ணால் நேராகப் பார்க்க முடியாத வெண்ணொளி பிறக்கும். எரிய எரியக் குச்சி தேயுமாதலால், இடைவெளி கூடாமல் அதை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் திரையில் ஒளி மங்கி, கீழேயிருந்து விசில் பறக்கும். 1,000 அடிச் சுருள் ஏறக்குறைய 11 நிமிடமே ஓடும். ஒரு சுருள் முடியும் தருணத்தில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னி மறையும். உடனே ஆபரேட்டர் இரண்டாவது புரொஜெக்டரின் மோட்டாரை இயக்குவார், சில நொடிகளில் அடுத்த புள்ளி தோன்றியதும் ஒளியை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவார். மாற்றம் நடந்ததே பார்வையாளருக்குத் தெரியாமல் இருப்பதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். ஒரே படப்பெட்டியைப் பக்கத்துப் பக்கத்து அரங்குகள் இரண்டு பகிர்ந்துகொண்ட நாட்களில், இங்கே ஓடி முடிந்த சுருளைச் சைக்கிளில் கட்டி அங்கே ஓட்டிச் சென்ற பையன்களும் இந்தக் கூட்டுழைப்பில் அடக்கம்.

விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகள் பெரிய அரங்குகளின் காலம். மதுரையில் 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு திறக்கப்பட்ட தங்கம் திரையரங்கில் 2,563 இருக்கைகள் இருந்தன, ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர்கள் அதைப் பெருமையோடு சொல்லிக்கொண்டார்கள். நாளுக்கு நான்கு காட்சி நிறைந்தால் பத்தாயிரம் பேருக்கு மேல் வந்துபோகும் அத்தகைய கட்டடத்தைச் சுற்றி ஓட்டலும் சைக்கிள் நிறுத்துமிடமும் பூக்கடையுமாக ஒரு தனிச் சந்தையே முளைத்துவிடும். சென்னை மவுண்ட் ரோட்டில் 1964-இல் எழுந்த சஃபையர் வளாகம் வேறு வகை; சஃபையர், எமரால்டு, ப்ளூ டைமண்ட் என்று மூன்று அரங்குகளை ஒரே கூரையின்கீழ் கொண்டிருந்த அதுவே பின்னாளைய மல்டிபிளெக்ஸுக்கு முன்னோடி. ப்ளூ டைமண்டில் தொடர்காட்சி முறை இருந்தது. ஒருமுறை டிக்கெட் எடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே போய், விரும்பும் வரை உட்கார்ந்திருக்கலாம். வெயிலுக்கு அஞ்சியவர்களுக்கும் வேலை தேடி அலைந்தவர்களுக்கும் அந்தக் குளிர்சாதன இருட்டு எத்தகைய அடைக்கலமாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கூரையையே கைவிட்ட அரங்கு ஒன்றும் இந்த வரலாற்றில் உண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்பவர், தம் வீட்டு முற்றத்து மரங்களில் திரையைக் கட்டி, காரின் முன்பகுதியில் புரொஜெக்டரை வைத்துச் சோதித்துப் பார்த்து, 1933 ஜூன் 6 அன்று கேம்டன் அருகே முதல் டிரைவ்-இன் திரையரங்கைத் திறந்தார். காருக்குள் இருந்தபடியே படம் பார்க்கும் வெளியரங்கு அது. முன்வரிசைக் கார் பின்வரிசையை மறைக்காதபடி, கார்களின் மூக்கு சற்றே மேல்நோக்கி நிற்குமாறு ஒவ்வொரு வரிசைக்கும் தரையைச் சரிவாக அமைத்ததே அவருடைய கண்டுபிடிப்பின் உயிர். அதற்கு அவர் பெற்ற காப்புரிமை 1949-இல் நீதிமன்றத்தில் செல்லாமற்போனதும், எவர் வேண்டுமானாலும் அத்தகைய அரங்கைக் கட்டலாம் என்றாயிற்று. 1950-களின் இறுதிக்குள் அமெரிக்காவில் அவற்றின் எண்ணிக்கை 4,000-ஐ எட்டியது. பிறகு நிலத்தின் விலை ஏறியதும், வீடியோ வந்ததும், கோடையில் கடிகாரத்தை முன்தள்ளியதால் இருட்டு தாமதமானதும் சேர்ந்து அவற்றைச் சாய்த்தன.

இந்தியாவில் அகமதாபாத்தில் 1973-இல் டிரைவ்-இன் வந்தது. தமிழகத்தில் இந்த வகையில் புகழ்பெற்றது சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் இருந்த பிரார்த்தனா. கார்கள் குறைவாக இருந்த சமூகத்தில் அந்த அமெரிக்க வடிவம் உருமாறியது. பாயையும் சாப்பாட்டுத் தூக்கையும் கொண்டுவந்து, காருக்கு முன்னால் தரையில் விரித்துக்கொண்டு, குடும்பத்தோடு கடற்காற்றில் படம் பார்ப்பவர்களே அங்கே அதிகம். டூரிங் கொட்டகையின் தரை டிக்கெட்டுக்கு நகரத்தில் கிடைத்த மறுபிறவி என்று அதைக் கருதலாம். ஏக்கர் கணக்கில் நிலம் கேட்கும் அரங்கு, அந்தச் சாலை நெடுக நிலவிலை ஏறிய பின் தாக்குப்பிடிக்கவில்லை. பிரார்த்தனா இன்று இயங்கவில்லை.

மற்ற அரங்குகளின் முடிவும் இதுவேதான். 1980-களில் வீடியோவும் அதன்பின் செயற்கைக்கோள் தொலைக்காட்சியும் கூட்டத்தைக் குறைத்தன. படப்பெட்டி போய் டிஜிட்டல் வந்தபோது கருவி மாற்ற முதல் இல்லாத சிற்றூர் அரங்குகள் பல மூடின. ஆனாலும் இறுதி அடியைக் கொடுத்தது நிலமே. ஊருக்கு வெளியே மலிவாகக் கிடைத்த நிலத்தில் கட்டிய அரங்கைச் சுற்றி ஊர் வளர்ந்து, அந்த மனை ஓர் ஆண்டு முழுதும் படம் ஓட்டி ஈட்டுவதைவிடப் பல மடங்கு விலை பெறும் நிலை வந்தது; அதன்பின் எந்த வாரிசும் உணர்ச்சிக்காக மட்டும் அதை நடத்திக்கொண்டிருக்க முடியாது, அப்படி எதிர்பார்ப்பதும் நியாயமல்ல. சஃபையர் 1990-களில் மூடியது, சென்னையின் சாந்தி திரையரங்கு 2016-இல் நின்றது, தங்கம் இருந்த இடத்தில் துணிக்கடை எழுந்தது, பின்னாளில் டிலைட் என்று பெயர் மாறிய வெரைட்டி ஹாலும் அண்மையில் இடிபட்டுவிட்டது. எலெக்ட்ரிக் தியேட்டர் மட்டும் தப்பியதற்குக் காரணம், அஞ்சல் துறை அதை வெகு காலத்துக்கு முன்பே வாங்கித் தன் வளாகத்துக்குள் வைத்துக்கொண்டதுதான். இன்று அங்கே தபால்தலைகள் விற்கப்படுகின்றன.

கட்டடங்களை மீட்க முடியாது என்றாலும் அவற்றின் வரலாற்றை மீட்க வழி இருக்கிறது. 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழகத்தில் அரங்குக்கு உரிமம் அளிப்பவர், சென்னைக்கு வெளியே, மாவட்ட ஆட்சியர். ஒவ்வோர் அரங்குக்கும் வரைபடம், இருக்கைக் கணக்கு, மின் ஆய்வாளரின் சான்று, தீயணைப்புத் துறையின் ஒப்புதல் என்று தனிக்கோப்பு தொடங்கப்பட்டது. மூன்று மாதம் நின்றுபோன டூரிங் டாக்கீஸுக்கும் உரிமத்துக்கான காகிதம் இருந்தாக வேண்டும். எந்த ஊரில் எந்த ஆண்டு எத்தனை பேர் உட்காரும் கொட்டகை இருந்தது, பெண்களுக்கு எத்தனை இடம் ஒதுக்கப்பட்டது, தரைக்கு எவ்வளவு, பெஞ்சுக்கு எவ்வளவு என்பதெல்லாம் அத்தகைய கோப்புகளில் அடங்கக்கூடிய செய்திகள். காலம் கடந்த கோப்புகளைக் கழிப்பது அலுவலக நடைமுறை. பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறைகளும் ஆவணக் காப்பகமும் மாவட்ட வாரியாக அவற்றைத் தேடி எடுத்துப் படியெடுக்கும் வேலையை இப்போதே தொடங்கியாக வேண்டும்.