ஷூ இறங்கிய வழியில்...

பத்து மாடிக் கட்டடம். லிஃப்ட் வேண்டாம், படியும் வேண்டாம். உச்சியிலிருந்து கீழே எப்படி வருவீங்க?

அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிற செயின்ட் லூயிஸ் நகரத்தில், ஜம்முனு சறுக்கிக்கிட்டே வந்துடலாம்! அங்கே 'சிட்டி மியூசியம்'னு ஒரு இடம். பேருதான் மியூசியம். எட்டி நின்னு பார்க்கிற இடமில்லை, ஏறிக் குதிச்சு விளையாடுற இடம்.

ஒரு காலத்தில் அந்தக் கட்டடம் ஒரு பெரிய ஷூ கம்பெனிக்குச் சொந்தம். மேல்மாடியிலிருந்து ஷூக்களைக் கீழே அனுப்ப, சுத்திச் சுத்தி இறங்குற சரிவுப் பாதைகள் வெச்சிருந்தாங்க. பின்னாடி பாப் காசிலின்னு ஒரு சிற்பி அந்தக் கட்டடத்தைக் கையிலெடுத்தார். வேற யாராவது இருந்தா, அந்தச் சரிவுப் பாதைகளைப் பழைய இரும்புக்குப் போட்டிருப்பாங்க. அவர் அதைச் சறுக்குமரம் ஆக்கிட்டார்! ஷூ இறங்கின வழியில இப்ப பிள்ளைங்க இறங்குறாங்க. கூடவே அப்பா, அம்மாவும்தான்.

மொட்டை மாடியில ஒரு ஸ்கூல் பஸ் வேற, பாதி உடம்பு அந்தரத்தில் நீட்டிக்கிட்டு நிக்குது. டிரைவர் சீட் வரைக்கும் போகலாம்... தைரியம் இருந்தா!